யார் சொல்லி வந்தீங்க?

மதுரை பழங்காநத்தத்தில் ஞானமுத்து வீட்டில் மெர்வின் என்ற பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி இரண்டு வருஷம் நாலு மாசம் ஆகிறது. விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இது தெரியும். நடுவில் ஒன்றிரண்டு வாரம் பத்திரிகை கைக்குக் கிடைக்காதவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். வீட்டின் ஒரே பையன் மெர்வின், வாடிப்பட்டிப் பக்கம் வயலும் தோப்புமாக இருக்கிற பேயாண்டியின் மகள் கனகலட்சுமியைப் பதிவு அலுவலகத்தில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டான். "இனி ஒனக்கும் இந்த வீட்டுக்கும் ஒண்ணுமில்ல" என்றார் ஞானமுத்து. அப்படிச் சொன்ன அடுத்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார்.

ஐசியூ வாசலில் உட்கார்ந்துகொண்டு, அக்கா ஆன்மேரி தம்பியின் நம்பரைத் தன் போனில் பிளாக் செய்தாள். அப்பாவுக்கு எந்த அதிர்ச்சியும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் யாராவது ஒருத்தர் கெட்டவராக வேண்டியிருந்தது. அவள் ஆனாள்.

அதற்கப்புறம் அவள் அசந்து தூங்கியதாக ஞாபகமில்லை.

ஆன்மேரிக்கு நிரல்சந்தியில் வேலை. சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் தமிழில் சந்தேகம் கேட்டு, தமிழிலேயே அரட்டையும் அடிக்கிற இணையதளம் அது. காலேஜ் லேபில் பதினோரு பேராக ஆரம்பித்தது, இப்போது பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஓர் அறக்கட்டளை சம்பளம் கொடுத்து இரண்டு பேரை வைத்திருக்கிறது. ஒருத்தி இவள், இன்னொருவன் வில்லாபுரத்து அழகுராஜா. இரண்டு பேருக்கும் அவரவர் வீடுதான் ஆபீஸ். ஆன்மேரிக்கு அம்மா வீடே ஆபீஸ், ஏனென்றால் கணவன் ஆன்சனுக்குக் கோயம்புத்தூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவான்.

நிரல்சந்திக்குள் வந்துவிட்டவர்கள் யாரும் வெளியே போவதில்லை. வருவதுதான் பாடு. வாசலில் ஏழு படி. பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி வேண்டும். பெயர் கேட்டு, குடும்பப் பெயரும் கேட்கும். நம் ஊர் வழக்கப்படி இனிஷியலைப் போட்டால் ஓரெழுத்து செல்லாது என்று திருப்பி அனுப்பும். ஒன்பது படத்தைக் காட்டி எதிலெல்லாம் பஸ் இருக்கிறது என்று கேட்கும். போனுக்கு ஓடிபி வரும், சில நாள் வராது. இதையெல்லாம் தாண்டி மூச்சு வாங்க நிற்கிறவனிடம் கடைசியாக ஒன்று கேட்கும்: யார் சொல்லி வந்தீங்க?

இந்தக் கேள்வி ஆன்மேரியின் கைங்கரியம். அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீஸில் இருபத்தொன்பது வருஷம் குமாஸ்தா. அட்மிஷனுக்கு வருகிறவர்கள் பங்குச் சாமியார் கடிதம் கொண்டுவந்து நீட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். யாராவது ஒருத்தர் நமக்காக வாய் திறந்தால்தான் கதவு திறக்கும் என்பது அவள் ரத்தத்தில் ஊறிய சங்கதி. உள்ளே இருக்கிற ஒருவர் பெயரை வருகிறவன் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு மெயில் போகும். தெரிந்தவன்தான் என்று அவர் ஒப்புக்கொண்டால் உள்ளே விடுவார்கள். பதினோரு பேர் இருந்தபோது பாந்தமாக இருந்தது. இப்போது பத்துப் பேர் வந்தால் ஏழு பேர் வாசலோடு போய்விடுகிறார்கள்.

ஆறு மாச ரோதனைக்குப் பிறகு இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாப் படியையும் இடிக்கப் போகிறார்கள். மெயில் முகவரி கொடு, அதற்கு வருகிற ஆறு எண்ணைத் தட்டு, உள்ளே வா. அவ்வளவுதான். பாஸ்வேர்டே கிடையாது. கூடவே, பாதியில் நின்றுபோனவர்களின் விவரங்களும் அதே ஆறு மணிக்குத் தானாக அழிந்துவிடும். உள்ளே விடாதவர்கள் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டிருக்க நமக்கு உரிமையில்லை என்று அறக்கட்டளை கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

காலை பத்து மணிக்கு அழகுராஜா கூப்பிட்டான்.

"அக்கா, அழிக்கிற லிஸ்ட்ட ஒருக்கா கண்ணோட்டம் விட்டேன். மொத்தம் ரெண்டாயிரத்து எழுநூறு பேரு. அதுல ஒரு ஆளு மட்டும் பதினாலு தரம் முட்டியிருக்காப்ல."

"பதினாலா? பஸ் படத்துலயா மாட்டுனாரு?"

"இல்லக்கா. எல்லாப் படியும் ஏறிட்டாப்ல. கடைசியில உங்க பேரச் சொல்லியிருக்காப்ல. யாரும் ஒப்புதல் குடுக்கல." கொஞ்சம் தயங்கினான். "பேரு மெர்வின் ஞானமுத்துக்கா."

அழகுராஜாவுக்குக் கதை அரைகுறையாகத் தெரியும். அவனாகவே, "நான் அப்பறமா வாரேன்க்கா" என்று போனை வைத்தான்.

அவள் லேப்டாப்பில் லிஸ்ட்டைத் திறந்தாள். இருந்தது. முதல் தரம் அவன் வீட்டை விட்டுப் போன இரண்டாம் மாசம். கடைசித் தரம் ஒன்பது நாளைக்கு முன்னால். அறிமுகம் செய்தவர் ஆன்மேரி, உறவு அக்கா. அதற்குக் கீழே, 'ஏன் சேர விரும்புகிறீர்கள்' என்ற கட்டம் மூடிக் கிடந்தது. ஒவ்வொரு தரமும் பழசை அழித்துவிட்டுப் புதுசு உட்காரும் என்பதால் கடைசியாக எழுதியது மட்டும் அதற்குள் இருக்கும். ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும்.

அவள் தட்டவில்லை. திட்டியிருப்பானோ, மன்னிப்புக் கேட்டிருப்பானோ. இரண்டில் எது இருந்தாலும் அதைத் தாங்க இன்றைக்குத் தெம்பில்லை என்று தோன்றியது.

அதற்குப் பதில் போனை எடுத்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு தம்பி நம்பரைப் பிளாக்கிலிருந்து எடுத்தாள். கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் அவன் தன் பெயரைச் சொல்லியும் தனக்கு ஏன் மெயில் வரவில்லை? அதைத் தேடிப் போனபோதுதான் தலை சுற்றியது. நிரல்சந்தியில் அவளுக்கு இரண்டு கணக்கு. இப்போது புழங்குவது ஒன்று. காலேஜ் காலத்தில் ஆரம்பித்தது இன்னொன்று, அதை அவள் தொட்டே வருஷக்கணக்காகிறது. அந்தப் பழைய கணக்கு, பிரவுசிங் சென்டரில் வீட்டுக்கெல்லாம் பொதுவாகத் திறந்த மெயில் முகவரியில் இருந்தது. அந்த மெயிலை இப்போது பார்க்கிறவர் ஒருவர்தான்.

பதினாலு மெயிலும் அப்பாவுக்குப் போயிருக்கிறது.

அவள் அடுப்படிக்குப் போனாள். அம்மா பிலோமினாள் அயிரை மீனை மண்சட்டியில் போட்டு உரசிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை மட்டும் கவிச்சி ஒழிச்சா மோட்சமான்னு கேட்டு ஒங்கப்பா வாங்கிட்டு வந்துட்டாரு. தவக்காலம் முடிஞ்சிருச்சாம்" என்றாள் அம்மா.

"அம்மா, காலைல அப்பா மெயில் பாக்குறாரே, எம்புட்டு நேரம் பாப்பாரு?"

"பூசைக்குப் போயிட்டு வந்து ஒக்காந்தா ஒரு மணி நேரம். சில நாளு ரெண்டு. என்னத்தத் தட்டுவாரோ, தட்டிக்கிட்டே இருப்பாரு. கிட்டப் போனா மூடிருவாரு." அம்மா கையை நிறுத்தினாள். "ஏன், எதுவும் தப்பா அமுக்கிட்டாரா?"

"ஒண்ணுமில்ல."

வீட்டில் இந்த 'ஒண்ணுமில்ல' ரொம்ப வேலை செய்கிற வார்த்தை. அம்மா மறுபடி மீனை உரச ஆரம்பித்தாள்.

மத்தியானம் வரை ஆன்மேரி வேலை பார்த்தாள். புது வாசலைப் பத்துத் தரம் சோதித்தாள், பத்துத் தரமும் திறந்தது. சந்தோஷம் வரவில்லை. மனசெல்லாம் ஒரே கணக்கில் நின்றது. அந்த மெயிலை எழுதியவளே அவள்தான். 'மெர்வின் ஞானமுத்து என்பவர் உங்கள் பெயரைச் சொல்லி வந்திருக்கிறார். இவரை உங்களுக்குத் தெரியுமா?' கீழே இரண்டு பொத்தான், தெரியும், தெரியாது. பெற்ற மகனைப் பதினாலு தரம் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். தினமும் பூசைக்குப் போய் முன் பெஞ்சில் முழங்கால் போடுகிற மனுஷன்.

நாலு மணிக்கு ஞானமுத்து வாசல் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே போய் உட்கார்ந்தாள். நிதானமாகப் பேச வேண்டும் என்று நினைத்துத்தான் போனாள்.

"தம்பி பேர்ல மெயில் வந்துச்சாப்பா?"

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"அந்த மெயில நான்தான் எழுதி வச்சேன். அதான் தெரியும். பதினாலு தரம் வந்திருக்கு. பதினாலு தரமும் தெரியாதுன்னு அமுக்கிட்டீங்களா? ஒங்களுக்காக நான் அவன்கூடப் பேச்ச விட்டேன். ஒங்க நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு கல்லா ஒக்காந்திருக்கேன். நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

ஞானமுத்து டம்ளரை வைத்தார். எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தாள். ஒரு நீள நோட்டோடு திரும்பி வந்தார். பள்ளிக்கூடத்தில் அட்டை கிழிந்துவிட்டது என்று தள்ளிய நோட்டு. பிரித்து அவள் மடியில் வைத்தார்.

வரிசை எண் போட்டு, குமாஸ்தா கையெழுத்தில் பக்கம் பக்கமாக ஏதோ எழுதி, ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து அடித்திருந்தார். அவள் பிறந்த தேதி. மெர்வின் பிறந்த தேதி. இரண்டையும் சேர்த்து. அம்மாவின் பெயர். பங்குப் புனிதரின் பெயர். அவள் பத்தாவதில் எடுத்த மார்க்.

"தெரியும்னுதான் அமுக்குனேன்" என்றார். "அமுக்குனா ஒன் பாஸ்வேர்டக் கேக்குது."

ஆன்மேரிக்கு அப்போதுதான் உறைத்தது. கண்டவர்களும் யாருக்கு வேண்டுமானாலும் ஒப்புதல் கொடுத்துவிடக் கூடாது என்று, தெரியும் என்று அமுக்கினால் லாகின் கேட்கிற மாதிரி வைத்தது அவள்தான். தெரியாது என்பதற்கு எதுவும் வேண்டாம், ஒரே தட்டு. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று சொன்னால் ஓடிபி போகும், அவள் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பருக்கு.

"ஒங்க ரெண்டு பேரு பரீட்சை நம்பரும் போட்டுப் பாத்தேன்" என்றார் அப்பா. "அறுநூத்தி ரெண்டு எழுதியிருக்கேன். அஞ்சு தரம் தப்பாப் போட்டா ஒரு நாள் பூட்டிக்கிருது. மறுநா காலைல மறுபடி ஒக்காருவேன்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லப்பா."

"என்னன்னு கேக்க? வாயத் தொறந்து ஒண்ணுமில்லைன்னு சொன்னவன் நான். அவன் வந்து நிக்கிறான், கதவு தொறக்கத் தெரியல, வந்து தொறந்து விடுன்னு ஒங்கிட்ட எந்த மூஞ்சியோட கேக்குறது?" ஞானமுத்து வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். "ஒண்ணு பாத்தியா மேரி. மெர்வின்னு மட்டும் போடல. இனிஷியலாவும் போடல. எம் பேர முழுசா எழுதியிருந்தான். ஒவ்வொரு தரமும். அம்புட்டுக் கோவத்துலயும் எம் பேர விடல பாரு அவன். அதப் பாத்துட்டு எப்படிம்மா தெரியாதுன்னு அமுக்குவேன்?"

இனிஷியல் போட்டால் அந்த வாசல் ஏற்காது. அப்பன் பெயரை முழுசாக எழுதினால்தான் அடுத்த படி. அவன் எழுதாமல் நகர்ந்திருக்கவே முடியாது. அது ஆன்மேரிக்குத் தெரியும்.

அவள் சொல்லவில்லை. செத்தாலும் சொல்லப் போவதில்லை.

அவளுக்கு வேறொன்றும் புரிந்தது. அது கொஞ்சம் வலித்தது. அறிமுகம் செய்பவரைத் தேடினால் இரண்டு ஆன்மேரியும் திரையில் வந்திருக்கும். மெர்வின் பழையதைத்தான் தொட்டிருக்கிறான். வீட்டு மெயிலை அப்பாதான் பார்க்கிறார் என்பது அவனுக்குத் தெரியும். அப்படியென்றால் அவன் அக்காவைத் தேடி வரவேயில்லை. அக்கா பெயரைச் சொல்லிக்கொண்டு அப்பாவின் கதவைத்தான் தட்டியிருக்கிறான். இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் ஒருத்தர் அமுக்க, அந்தப் பக்கம் ஒருத்தன் அமுக்க, நடுவில் இவள் ஒருத்தி வீம்பாக உட்கார்ந்து இரண்டு பேரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாளாம். அழுகை வந்தது. அழவும் அலுப்பாக இருந்தது.

அழகுராஜாவிடமிருந்து மெசேஜ். ஐந்தே கால். எல்லாம் தயாராக்கா என்று கேட்டிருந்தான்.

"புது வாசல நமக்கு மட்டும் இப்பவே தொற. என் பழைய கணக்குக்கு" என்று பதில் போட்டாள். இரண்டே நிமிஷத்தில் திறந்துவிட்டான்.

"வாங்கப்பா. ஆறு மணிக்கு இந்த லிஸ்ட் அழிஞ்சிரும். பதினாலு தரம் திரும்பிப் போனவன் இன்னொரு தரம் வருவான்னு நான் நம்பல. நீங்களே தொறங்க."

ஞானமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். எதற்குச் சட்டை என்று அவள் கேட்கவில்லை. அம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள்.

வீட்டு மெயில் முகவரியை ஒற்றை விரலால் தட்டினார். அவர் போனில் ஆறு எண் வந்தது. ஒவ்வொன்றாக வாசித்து வாசித்துத் தட்டினார். திரை திறந்தது.

"பாஸ்வேர்டு?" என்றார்.

"கிடையாதுப்பா. அம்புட்டுத்தான்."

"இம்புட்டுத்தானா" என்று நோட்டைப் பார்த்தார். யார் மேல் என்று இல்லாத ஒரு கோபம் அவர் முகத்தில் வந்து போனது.

திரையில் ஒரே ஒரு பெயர் காத்திருந்தது. தெரியும் என்பதை அமுக்கினார். இந்தத் தரம் அது எதையும் கேட்கவில்லை. மெர்வின் ஞானமுத்து உள்ளே வந்துவிட்டார், வரவேற்போம் என்று வந்தது. புது ஆள் சேர்ந்தால் எல்லோருக்கும் அப்படி ஓர் அறிவிப்பு தானாகவே போகும். மறுநிமிஷம் எங்கெங்கிருந்தோ முகம் தெரியாத ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். வணக்கம் மெர்வின். வாங்க அண்ணே. நல்வரவு.

"அவங்கெல்லாம் யாரு?" என்றாள் அம்மா.

"சும்மா, உள்ள இருக்கிறவங்க. நம்மள மாதிரி."

பிலோமினாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானமுத்து திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் வாசித்தார். இரண்டு வருஷத்தில் ஆன்மேரி அந்த வீட்டில் பார்த்த முதல் நல்ல நிமிஷம் அது.

"அவன் ஒண்ணும் பேச மாட்டேங்கிறானே" என்றார் அப்பா கொஞ்ச நேரம் கழித்து.

"மெயிலப் பாத்துட்டுத்தானப்பா வருவான்."

"ஏன் சேரணும்னு கேட்டு ஒரு கட்டம் இருக்கே. என்ன எழுதியிருக்கான்? வாசி."

இப்போது பயமில்லை. அவள் கட்டத்தைத் தட்டினாள். அவன் தமிழ் அவளுக்குத் தெரியும். இது அவன் எழுதியதில்லை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

"வாசிம்மா."

வாசித்தாள். மேலே இருந்த, ஒன்பது நாளைக்கு முந்தின தேதியையும் சேர்த்தே வாசித்தாள்.

"மதினிக்கு, கனகலட்சுமி எழுதுறேன். அவர் இந்த வழியாத்தான் ஒங்க வீட்டுக்கு எழுதுவார்னு தெரியும், அதான் அவர் பேர்லயே, எம் போன் நம்பரப் போட்டு எழுதுறேன். வேலைக்குப் போறேன்னு போனவர் மூணு நாளா வீட்டுக்கு வரல. போன் அணைஞ்சு கிடக்கு. மதுரைல ஒங்கப்பாவப் பாக்கப் போறேன்னு முந்துன நாள் சொல்லிக்கிட்டிருந்தார். அங்கதான் இருக்கார்னு மட்டும் சொல்லிருங்க. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு நாள். கணக்கு அவளுக்கு முன்னால் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஞானமுத்து வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இங்க வரலையே" என்றார், யாரோ கேட்ட மாதிரி. "நான் வீட்லதான இருந்தேன். வரலையே."

திரையில் வணக்கங்கள் நின்றபாடில்லை. பாண்டியம்மாள் என்று ஒரு பெண் கைகூப்பின படம் போட்டு எழுதினாள்: வாங்க மெர்வின், இப்ப எங்க இருக்கீங்க?

"பதில் போடும்மா" என்றார் அப்பா.

என்ன போடுவதென்று அவர் சொல்லவில்லை.